பேர் எழுதியிருந்த இடம்

"ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராமுக்கு நடுவுல தன்னோட பேரு மறந்துபோகுமா டீச்சர்?"

வந்ததும் வராததுமாக இருதயராஜ் இதைத்தான் கேட்டார். இன்னும் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த குடை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹமீதா டீச்சர் குடையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு வலைக்கடை. அதன் மாடியில்தான் டீச்சர் சி மொழி கற்றுக்கொடுத்தார். ஒரு கரும்பலகை, சில பழைய கம்ப்யூட்டர்கள், எப்போதும் நைலான் நூல் வாசனை. டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் அவருக்குப் பேர் இருந்தது.

இருதயராஜ் ஐம்பதைத் தாண்டியவர். சி மொழியில் எழுதியே குடும்பத்தைக் கரையேற்றியவர். அந்த மொழியில் இனி யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தவர். அன்று வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் மாறி பஸ் மாறி அங்கே வந்திருந்தார்.

எந்த புரோகிராம் என்று டீச்சர் கேட்டார். பொதுவாகத்தான் கேட்கிறேன் என்றார் இருதயராஜ்.

பொதுவாக என்றால் சரி, தன் பேரைத் தானே கேட்டுச் சொல்லும் புரோகிராம் ஒன்று எழுதுங்கள் என்றார் டீச்சர்.

முதல் வாரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை அது. இருதயராஜுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். அதற்கு 'விளக்கு' என்று பேர் வைத்தார். ஓட்டினால் 'விளக்கு' என்றது.

டீச்சர் எழுந்து வந்தார். உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. வெளியில் அந்தக் கோப்புக்கு இருந்த பேரை மட்டும் 'கிணறு' என்று மாற்றிவிட்டு ஓட்டினார்.

'கிணறு' என்றது.

"கூப்பிட்ட பேர சொல்லுது," என்றார் டீச்சர். "இப்ப அதுவே தனக்கு ஒரு பேரு வச்சுக்கட்டும்."

அதற்கும் சி மொழியில் ஒரு கட்டளை உண்டு. இருதயராஜ் அதையும் எழுதினார். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் தன் பேரை 'மலை' என்று வைத்துக்கொண்டது. அதன் பிறகு அது எதைச் சொன்னாலும் 'மலை' என்று தொடங்கித்தான் சொன்னது. டீச்சர், அந்தக் கம்ப்யூட்டரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றின் பட்டியலையும் திறந்து காட்டினார். அதில் 'கிணறு' என்றுதான் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர் என்றார் இருதயராஜ்.

"தெரிஞ்சதுக்கா இந்த மழையில வந்தீங்க?"

இருதயராஜ் நாற்காலியை டீச்சர் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்.

மேலே ஓர் அணை. அணைக்குக் கீழே ஆற்றோரம் காஞ்சாவடி என்று ஒரு கிராமம். அணையைத் திறக்கும்போது கிராமத்துச் செல்போன்களுக்கெல்லாம் செய்தி போக வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதியது இருதயராஜ். அணையில் இருக்கிறவருக்கு முன்னால் திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று எச்சரிக்கை. இன்னொன்று ஒத்திகை. இரண்டுக்கும் ஒரே புரோகிராம்தான். எந்தப் பொத்தானை அமுக்குகிறார்களோ அந்தப் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டு ஓடும். அனுப்புகிற செய்தியின் முதல் சொல் அந்தப் பேர்.

சில வருஷங்கள் அது ஒழுங்காக ஓடியது. போன ஐப்பசியில், மழைக்கு முன் ஓர் ஒத்திகை நடத்த வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்தது. நடத்தினார்கள். அடுத்த வாரமே நிஜ மழை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அணையைத் திறந்தார்கள். காஞ்சாவடிக்குச் செய்தி போனது.

"ஒத்திகை. அணை திறக்கப்படுகிறது. மேட்டுக்குச் செல்லவும்."

ஜனங்கள் படித்தார்கள். போன வாரமும் இப்படித்தானே வந்தது என்று போனைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார்கள்.

பதினோரு பேர்.

அன்று பொத்தானுக்கு முன்னால் இருந்தவர் பூவராகன். எச்சரிக்கையைத்தான் அமுக்கினேன் என்று அவர் சொன்னார். ஆனால் புரோகிராம் தன்னைப் பற்றி எழுதி வைத்த பதிவில் ஒத்திகை என்று இருந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார்கள். எந்தப் பொத்தான், எந்தப் பொத்தான் என்று விசாரணையில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் ஒருநாள், நான் மாற்றித்தான் அமுக்கியிருக்க வேண்டும் என்று பூவராகன் எழுதிக் கொடுத்தார். வேலை போனது. அவர் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. அந்த ஊரை விட்டே போய்விட்டார்.

"விசாரணை முடிஞ்சிருச்சு டீச்சர். என்னை யாரும் கூப்பிடவே இல்ல. எனக்குத்தான் தூக்கம் வரல."

டீச்சர் மேசையிலிருந்த சிக்கு நூலைக் கையில் எடுத்தார். கீழே வலைக்கடையில் தூக்கிப் போடுகிற நூல். யோசிக்கும்போது அதைப் பிரித்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச தூரம் பிரித்தார். பிறகு எழுந்துபோய்க் கரும்பலகையின் மூலையில் சாக்பீஸால் 'இருதயராஜ்' என்று எழுதினார்.

"இன்னைக்கு வகுப்பு முடியற வரைக்கும் இங்கயே இருங்கண்ணே. யாராவது உங்க பேரு கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லக் கூடாது. அந்த மூலையப் பாத்து, அங்க என்ன இருக்கோ அத வாசிக்கணும்."

பிள்ளைகள் வந்தார்கள். பின்வரிசையில் தலை நரைத்த ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தி பேர் கேட்டாள். அவர் பலகையைப் பார்த்து வாசித்தார். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பாடம் நடந்தது. பலகை நிறைந்தது. அழித்தார்கள், மறுபடியும் நிறைந்தது. வெளியே மழை விட்டு, பிறகு பிடித்துக்கொண்டது. இருதயராஜ் எதையும் கவனிக்கவில்லை. அவர் மனது காஞ்சாவடியில் இருந்தது.

வகுப்பு முடிகிற நேரத்தில் டீச்சர் கேட்டார்.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

இருதயராஜ் நிமிர்ந்து மூலையைப் பார்த்தார். வாசித்தார்.

"நாளை விடுமுறை."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் படி இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஓடுகிற புரோகிராம் தன் பேரைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. பேர் எழுதியிருக்கும் இடத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பேர் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அங்கே போய்ப் பார்த்து, அங்கே இருப்பதைச் சொல்கிறது. ஆகவே, பேரைக் கொடுத்த பிறகு அந்த இடத்தில் கடைசிவரை வேறு எதையும் எழுதக் கூடாது. இது இருதயராஜுக்குப் படிக்கிற காலத்திலேயே தெரியும்.

அவர் எழுதியிருந்தார். எச்சரிக்கையை அமுக்கினால் மட்டும் ஓடுகிற பகுதியில், பேர் வைத்த கொஞ்ச நேரத்தில், கடைசியாகப் போன செய்தி எது என்று பார்க்க அதன் முதல் சொல்லைப் படித்து அதே இடத்தில் போட்டிருந்தார். ஒரு சின்ன இடத்தை மிச்சம் பிடிக்க. அதுவரை கடைசியாகப் போனதெல்லாம் எச்சரிக்கை. ஆகவே எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விழுந்தது, யாருக்கும் தெரியவில்லை. அந்த ஐப்பசியில் மட்டும் கடைசியாகப் போனது ஒத்திகை.

பூவராகன் சரியான பொத்தானைத்தான் அமுக்கியிருந்தார்.

மறுபடி மாடிக்கு வந்தபோது இருதயராஜ் சவரம் செய்திருக்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னார். டீச்சர் ஆச்சரியப்படவில்லை.

இப்போது அதைச் சரிசெய்துவிட்டதாகவும், இனி அப்படி நடக்காது என்றும் சொன்னார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூடிய விசாரணையை இனிமேல் திறந்தாலும் செத்தவர்கள் வரப்போவதில்லை என்றார். இதையெல்லாம் வேகமாகச் சொன்னார், யாரோ அவரை மறித்துக்கொண்டு நிற்பதுபோல.

பிறகு கேட்டார்.

"நான் இத வெளிய சொல்லித்தான் ஆகணுமா டீச்சர்?"

டீச்சர் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதுற புரோகிராம்ல ஏதாவது தப்பு நடந்தா அது என்ன சொல்லும்?"

"என்ன தப்புன்னு சொல்லும்."

"அதுக்கு முன்னால?"

"தன்னோட பேர." சி மொழியில் எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்தது அது. ஒரு புரோகிராம் தவறைச் சொல்லும்போது, தவறைச் சொல்வதற்கு முன், வரியின் தொடக்கத்தில், முதலில் சொல்வது எதை என்று.

கீழே வலை ஏற்ற வண்டி வந்து நின்றது. டீச்சர் நூலை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார்.

இருதயராஜ் விசாரணை நடத்திய அதிகாரியிடம் போனார். காத்திருந்து உள்ளே போனதும், உட்காருவதற்கு முன்பே, என் பேர் இருதயராஜ், அந்தப் புரோகிராமை எழுதியவன், தப்பு என்னுடையது என்றார். அதிகாரி நல்ல மனிதர். காபி வரவழைத்தார். முழுவதையும் கேட்டார். அறிக்கை மேலே போய்விட்டது, இனி அதைத் திரும்பப் பெறுவது தன் கையில் இல்லை என்றார். எழுதிக் கொடுத்தால் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். வாசல்வரை வந்து, "இப்ப சரியா ஓடுதுல்ல?" என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. கம்பெனியில் மட்டும் அவரைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிறகு பூவராகனைத் தேடிப் போனார்.

பூவராகனின் மாமனார் ஊரில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. பூவராகன் ஐஸ் உடைக்கிற வேலையில் இருந்தார். மதியம் சாப்பிட வந்திருந்தார். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. வந்தவர் யார் என்று தெரிந்ததும் பூவராகனின் மனைவி தனக்கொடி உள்ளே போய்விட்டார்.

இருதயராஜ் எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் அமுக்கியது எச்சரிக்கை, மாற்றியது என் புரோகிராம் என்றார். கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்.

பூவராகன் கையைக் கொடுக்கவில்லை. கோபமும் படவில்லை.

"இல்ல சார். நான்தான் மாத்தி அமுக்குனேன்."

"இல்ல பூவராகன். நான் பாத்துட்டேன். என் கண்ணால பாத்துட்டேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கு சார். இந்த விரலுக்கு ஞாபகம் இருக்கு. வலது பக்கத்துப் பொத்தான். ஒத்திகை. அமுக்கினது அப்படியே இருக்கு விரல்ல."

சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இருதயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே வரும்போது தனக்கொடி பின்னாலேயே தெருமுனைவரை வந்தார். ஆரம்பத்தில் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் நான் அமுக்கவில்லை, நான் அமுக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், எழுதிக் கொடுத்த பிறகு அது நின்றுவிட்டது, நின்றதும் தூங்க ஆரம்பித்தார் என்றார். இப்போது தூங்குகிறவரை எழுப்பி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

இருதயராஜ் டீச்சரிடம் வந்து இதைச் சொன்னார். பல நாள் கழித்துத்தான் வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"உண்மையச் சொல்லிட்டேன் டீச்சர். அவர் எடுத்துக்க மாட்டேங்குறார். அந்த இடத்துல அவங்க என்ன எழுதுனாங்களோ அதத்தான் வாசிக்கிறார்."

டீச்சர் நூலைக் கீழே வைத்தார்.

"ஓடுற புரோகிராமோட பேர, வெளிய நின்னுக்கிட்டு நீங்க மாத்த முடியுமாண்ணே?"

"முடியாது. அதுவேதான் மாத்திக்கணும்."

டீச்சர் சுவரோரமாகப் போனார். ஒரு பழைய லேப்டாப்பின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, இரண்டையும் கொண்டுவந்து இருதயராஜின் மடியில் வைத்தார். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

தனக்கொடி முதலில் உள்ளே விடவில்லை. பூவராகன்தான் வரட்டும் என்றார்.

இருதயராஜ் லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்துத் திறந்தார். திருத்துவதற்கு முந்தைய பழைய புரோகிராம். அணையில் இருந்த அதே திரை, அதே இரண்டு பொத்தான்கள். செய்தி எங்கும் போகாது, திரையில் மட்டும் வரும் என்று தனக்கொடியிடம் சொன்னார். கடைசியாகப் போன செய்தி ஒத்திகை என்று வைத்தார். அந்த ஐப்பசியில் இருந்தது போலவே.

பொத்தான்களைப் பார்த்ததும் பூவராகன் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன் சார்."

இருதயராஜ் கட்டாயப்படுத்தவில்லை. தானும் தொடவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தனக்கொடி ஒரு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

வெகுநேரம் கழித்துப் பூவராகன் கட்டிலுக்கு வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இடது பக்கம்தானே எச்சரிக்கை?"

"ஆமா."

எச்சரிக்கையை அமுக்கினார். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் வந்தது. "ஒத்திகை. அணை திறக்கப்படுகிறது. மேட்டுக்குச் செல்லவும்."

பூவராகன் விரலைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து வைக்கச் சொன்னார். இருதயராஜ் வைத்தார். பூவராகன் அமுக்கினார். ஒத்திகை என்று வந்தது. இந்த முறை தனக்கொடியைக் கூப்பிட்டார். நான் எதை அமுக்குகிறேன் என்று சத்தமாகச் சொல் என்றார். எச்சரிக்கை என்றார் தனக்கொடி. அமுக்கினார். ஒத்திகை என்று வந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயராஜ் பேச வாயெடுத்தார். தனக்கொடி வேண்டாம் என்று கை காட்டினார்.

"அமுக்குனதும் எனக்கு மனசு கேக்கல," என்றார் பூவராகன். குரல் வேறு மாதிரி இருந்தது. "வயசானவங்க செய்தியெல்லாம் படிக்க மாட்டாங்களேன்னு. உடனே செல்போன எடுத்தேன்."

தனக்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர் இதற்கு முன் கேட்டதில்லை.

"இதப் பத்தி யாருமே கேக்கல. பொத்தானப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. நானும் மறந்தே போயிட்டேன். இந்தக் கையிலதான் போன வச்சிருந்தேன். காஞ்சாவடியில மடத்துத் தெரு முக்குல ஒரு டீக்கடை. அந்த நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. அடிச்சேன். மணி போய்க்கிட்டே இருந்துச்சு. வச்சுட்டு மறுபடி அடிச்சேன். மறுபடி, மறுபடி."

கையை மெதுவாகக் காதுவரை தூக்கினார்.

"யாரும் எடுக்கல சார்."